மேலிடத்து உத்தரவு

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும், அதனால் நலம். உன் இருமல் போய்விட்டதா? உன் மனைவியும் குழந்தையும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக அவளே எழுதியிருந்தாள். சண்டை தலைநகரத்துக்கு வருவதற்குள், விமானம் பறக்கும்போதே நீயும் கடலைத் தாண்டிவிடு. இந்த நாட்டை நீ ஒருத்தன் தாங்கிப் பிடிக்கப் போவதில்லை.

இப்போது நகராட்சித் தலைவியாகப் பேசுகிறேன். மீன் பதப்படுத்தும் ஆலையை மூடியதிலிருந்து ஊரில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. பணத்துக்கு நேற்றிருந்த மதிப்பு இன்று இல்லை. இதையெல்லாம்கூட ஜனங்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். தண்ணீரைத்தான் பொறுக்க மாட்டார்கள். மின்சாரம் நின்றதால் ஆற்றங்கரை நீரேற்று நிலையம் ஓடவில்லை. டீசல் எஞ்சின் இருக்கிறது, டீசல் இல்லை. துறைமுகக் கிடங்கில் தொட்டி நிறைய டீசல் இருக்கிறது. சாவி துறைமுக அதிகாரியிடம். ஊரில் அவருக்குப் பெயரே 'பூட்டு சார்'.

நேரில் போய்க் கேட்டேன். "அம்மா, நீங்க கேக்கறது நியாயம். ஆனா மேலிடத்து உத்தரவு இல்லாம ஒரு சொட்டு தரமாட்டேன். குடுத்தா நாளைக்கு எவனாவது வந்து என் சட்டையப் பிடிப்பான்" என்றார். அந்த மனிதர் திருடவில்லை, யாரையும் திருடவும் விடவில்லை. அவரை எப்படித் திட்டுவது?

உன் அமைச்சகத்துக்கு இரண்டு தடவை எழுதினேன். பதில் இல்லை. தொலைபேசியும் செத்துவிட்டது. நீ துணைச் செயலாளர். அமைச்சரின் அறை உன் அறைக்கு எதிரில்தானே? வாயைத் திறந்து கேளேன்டா.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் குறைந்திருக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி? நீ எழுதவில்லை என்றால் அது குறையவில்லை என்று அர்த்தம்.

கடிதத்தை அமைச்சரிடம் கொண்டுபோனேன். உடனே ஒப்புக்கொண்டார். உத்தரவு இத்துடன் இருக்கிறது. கிடங்கு டீசலை நீரேற்று நிலையத்துக்கு நகராட்சி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அமைச்சர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். வாரம் ஒருமுறை பொதுமக்கள் கூட்டம் நடத்த வேண்டும். யார் வேண்டுமானாலும் வரலாம், கேட்கலாம். எந்தத் தெருவுக்கு எவ்வளவு தண்ணீர் போனது, யார் என்ன குறை சொன்னார்கள் என்று விரிவான அறிக்கை எங்களுக்கு வர வேண்டும். சுருக்கமாக எழுதி அனுப்பிவிடாதே. இங்கே படிக்கிறார்கள்.

அலுவலகம் அமைதியாக இருக்கிறது. வேலைக்குக் குறைவில்லை. அடுத்த மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். முழங்காலும் நலம், போதுமா?

உத்தரவைப் பூட்டு சாரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்தார். விட்டிருந்தால் முகர்ந்தும் பார்த்திருப்பார். பிறகு எழுந்து நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "இப்பத் தொறக்கலாம்மா" என்றார். இத்தனை நாள் அந்த ஆள் இந்தக் காகிதத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறார், தம்பி. திறக்க வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது.

மறுநாள் காலை குழாயில் முதலில் காற்று வந்தது, அப்புறம் துருத் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர். எதிர்வீட்டுக்காரி குடத்தை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் தலைவி அழுதால் வேறு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிடுவார்களே, உள்ளே போய்விட்டேன்.

கூட்டத்தைப் பற்றி எழுதவே வெட்கமாக இருக்கிறது. பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டினோம். கைவிரலில் எண்ணிவிடலாம், அவ்வளவு பேர்தான். வந்தவர்களும் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். "எதுக்கு இந்தக் கூத்து? நாம கத்தறது யார் காதுல விழப்போவுது?" என்று கேட்டாள் மேட்டுத்தெருவைச் சேர்ந்த தையல்காரி, பெஞ்சு மேல் ஏறி நின்று. "தலைநகரத்துல படிக்கறாங்க. நீ சொல்றத எழுதி அனுப்பணும்னு உத்தரவு" என்றேன். அவள் பெஞ்சிலிருந்து இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, "அப்ப என் பேரையும் போட்டு எழுதுங்க" என்றாள். அதற்கப்புறம் யாரும் கத்தவில்லை. அறிக்கை இத்துடன்.

நீ எப்போது கிளம்புகிறாய்?

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அறிக்கை வந்தது. அமைச்சர் முழுவதும் படித்தார். சில கேள்விகள் கேட்கிறார். இவற்றைக் கூட்டத்தில் வாசித்து, பதில் பெற்று அனுப்ப வேண்டும்.

கடைவீதிக்குத் தினமும் தண்ணீர் போகிறது. மேட்டுத்தெருவுக்கு ஏன் போகவில்லை? குழாய் ஏறாது என்கிறது உங்கள் அறிக்கை. சென்ற ஆண்டு எப்படி ஏறியது? நிலையத்தின் வாசலிலேயே ஒரு தண்ணீர் லாரி நிரப்பிக்கொண்டு போவதாகத் தையல்காரி சொல்லியிருக்கிறார். அது யாருடைய லாரி? அறிக்கையில் அந்தப் பெயர் மட்டும் ஏன் இல்லை?

இன்னும் சில விஷயங்களையும் அமைச்சர் தெரிந்துகொள்ள விரும்புகிறார். மண்டபத்தில் விளக்கு இருக்கிறதா? மக்கள் எதில் உட்காருகிறார்கள்? கூட்டம் முடிந்ததும் உடனே கலைந்துவிடுகிறார்களா, நின்று பேசுகிறார்களா? அப்படிப் பேசினால் என்ன பேசுகிறார்கள்? இதெல்லாம் எதற்கு என்று நீ கேட்கலாம். அவர் அப்படித்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் அமைச்சர் பொல்லாதவர். எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

லாரி யாருடையது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும். என் கொழுந்தனுடையது. உன் அத்தான் இறந்த பிறகு இந்த வீட்டுக்கு விறகு வந்ததா, அரிசி வந்ததா என்று வந்து பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு வாரம் தள்ளினேன். அப்புறம் மண்டபத்தில் நின்று வாசித்தேன். இந்த முறை உட்கார இடம் இல்லை, சுவரோரம் நின்றிருந்தார்கள். அந்தக் கேள்வி வந்ததும் எல்லாரும் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். நான் பெயரைச் சொன்னேன்.

அவன் மறுக்கவில்லை. "தண்ணிய வித்தேன், நிறுத்திக்கறேன். ஆனா அண்ணி, நம்ம மனுஷனையே இப்படி நாலு பேர் முன்னால காட்டிக்குடுத்துட்டீங்களே" என்றான். "மேலிடத்துல கேக்கறாங்கப்பா, நான் என்ன செய்யறது?" என்றேன். அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா, தம்பி! நானாகக் கேட்டிருந்தால் அது குடும்பச் சண்டை. தலைநகரம் கேட்டதால் நியாயம் ஆகிவிட்டது.

மேட்டுத்தெருவில் இப்போது தண்ணீர் ஏறுகிறது. கொழுந்தன் வீட்டுக் கதவு எனக்கு மூடிவிட்டது. அவன் பெண்டாட்டி தெருவில் என்னைப் பார்த்தால் அடுத்த பக்கம் போகிறாள். நாள் முழுக்க என் வாசலில் ஆட்கள். தேநீர் குடிக்க ஒருத்தரும் வருவதில்லை.

மண்டபத்தில் இரண்டு விளக்கு. ஒன்று எரிகிறது. பள்ளிப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்காருகிறார்கள், முட்டி நாடியில் இடிக்கிறது. கூட்டம் முடிந்தபின் நின்று பேசுகிறார்கள். மாவைப் பற்றிப் பேசுகிறார்கள். கிடங்கில் அரசாங்க மாவு மூட்டைகள் இருக்கின்றன. ரொட்டிக்கடைக்காரர்களுக்கு அதைப் பங்கிட்டுத் தர உத்தரவு கிடைக்குமா?

உன் மனைவி எழுதியிருக்கிறாள். நீ ஏன் இன்னும் வரவில்லை என்று என்னைக் கேட்கிறாள். என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாவுக்கான உத்தரவு இத்துடன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆளுக்குத் தக்கபடி, ஒரே அளவு. தலைவி வீட்டுக்கும் அதே அளவு. தட்டச்சர் விடுப்பில் இருப்பதால் எழுத்துப்பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொள்.

எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. விமானங்களும் இந்த வாரத்தோடு நின்றுவிட்டன என்கிறார்கள். அவளுக்கு நானே எழுதுகிறேன்.

கொழுந்தன் விஷயம் வருத்தமாக இருந்தது. கேள்வியை வேறு மாதிரி கேட்டிருக்கலாம்.

தம்பி


ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் கோபிக்காதே. அறிக்கைகளை மட்டும் ஒழுங்காக அனுப்பினேன். கிடைத்திருக்கும்.

பூட்டு சார் சம்பளம் வரவில்லை என்று கேட்பதற்காகத் தலைநகரம் போயிருந்தார். அங்கே உன் அமைச்சகத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ரயிலை விட்டு இறங்கியதும் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் என்னிடம் வந்தார். முதல்தடவையாக என் வீட்டில் தேநீர் குடித்தார். எப்போதும் சட்டத்தைப் பற்றியே பேசுகிறவர் அன்று சட்டத்தைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. "மூணாவது மாடில ஆள் இருக்காரும்மா. வேலை நடக்குது" என்றார். தம்ளரைக் கீழே வைத்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "ரொம்ப மெலிஞ்சு போயிருக்கார்" என்றார். மறுநாள் காலையில் வழக்கம்போல் கிடங்கைத் திறந்தார்.

நானும் வழக்கம்போல் கூட்டம் நடத்தினேன்.

உன் அமைச்சருக்கு என் வணக்கத்தைச் சொல். எங்கள் ஊர் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது என்று சொல். அவர் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். இருமலை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆளில்லாத கட்டடத்தில் குளிரில் உட்கார்ந்துகொண்டிருக்கக் கூடாது. அவருக்கும் ஒரு அக்கா இருப்பாள். அவளுக்கு இதெல்லாம் தெரிந்தால் வயிறு எரியும் என்று சொல்.

ரயில் கார்டிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். ரொட்டியும் ஒரு போர்வையும். ரொட்டி என் பங்கிலிருந்து எடுத்தது, ஊர்ப் பங்கிலிருந்து அல்ல. அமைச்சருக்குக் கணக்குக் கேட்கும் பழக்கம் உண்டே.

அக்கா


மே 9

அக்கா,

போர்வை வந்தது. அதைப் போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அமைச்சர் டிசம்பரிலேயே போய்விட்டார். காலையில் காரில் ஏறினார், மாலையில் வரவில்லை. செயலாளர் அடுத்த வாரம். அப்புறம் மாடி மாடியாகக் காலியானது. யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. நாற்காலியில் கோட்டு தொங்கும். திரும்பி வருவார்கள் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருப்பேன். நானும் போவதாகத்தான் இருந்தேன், பெட்டிகூடக் கட்டிவிட்டேன். கடைசியாக ஒருமுறை மேசையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வந்த அன்று உன் கடிதம் கிடந்தது.

உனக்கு 'முடியாது' என்று பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். முடியாது என்று சொல்லவும் ஓர் அரசாங்கம் வேண்டுமே, அக்கா. இங்கே அதற்கும் ஆள் இல்லை. முத்திரை அமைச்சரின் மேசை இழுப்பறையில் இருந்தது. இழுப்பறை பூட்டியிருக்கவில்லை.

முதல் உத்தரவோடு நிறுத்திவிடுவதாகத்தான் நினைத்தேன். ஆனால் உன் அறிக்கை வந்தது. பெஞ்சின் மேல் ஏறிய தையல்காரி வந்தாள். இந்த நாட்டில் ஓர் இடத்திலாவது கேள்வி கேட்டால் பதில் வருகிறது என்று தெரிந்த பிறகு எழுந்து போக முடியவில்லை. விடுப்பு கிடைக்கவில்லை என்று எழுதினேன். விடுப்புக் கொடுக்க இங்கே யார் இருக்கிறார்கள்?

என் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "உங்க அக்கா ஊருக்குத் தண்ணி வேணும், சரி. எங்களுக்கு நீங்க வேண்டாமா?" என்று எழுதியிருந்தாள். நான் இன்னும் பதில் போடவில்லை.

சண்டைக்காரர்கள் ஒப்பந்தம் பேசுகிறார்களாம். புது அரசாங்கம் வரும்போல் இருக்கிறது. வந்தால் என்னைக் கேட்பார்கள். உன்னையும் கேட்பார்கள். உனக்கு எதுவும் தெரியாது என்று சொல். அதுதான் உண்மையும்கூட, ஏப்ரல் வரைக்கும்.

தம்பி


ஜூன் 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம். முழங்கால் வலிக்கிறது. இனிமேல் உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன்.

புது அரசாங்கத்தின் விசாரணைக் கடிதம் எனக்கும் பூட்டு சாருக்கும் வந்தது. உத்தரவுகள் போலி என்று தெரியுமா, எப்போது தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதுவதற்கு முன்னால் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கூட்டத்தில் எழுந்து நின்றேன். "நாம அனுப்பின அறிக்கைய அமைச்சர் படிக்கல. அமைச்சரே இல்ல. என் தம்பி ஒருத்தன்தான் படிச்சான். கேள்வி எல்லாம் அவன் கேட்டது. எனக்கு இது ஏப்ரல் மாசமே தெரியும்" என்றேன்.

அந்த அமைதியை உனக்கு எப்படி எழுதுவேன்! இதையும் அமைச்சர் கேட்பாரே என்று ஒரு கணம் நினைத்துக்கொண்டேன், பார்.

முதலில் எழுந்தவன் கொழுந்தன். "இல்லாத அரசாங்கத்துக்கா அண்ணி என்னைத் தலைகுனிய வெச்சீங்க?" என்றான். குரல் உடைந்துவிட்டது. கோபித்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவனோடு ஒரு வரிசையே எழுந்து போனது. பூட்டு சார் எழுந்து, "நான் நேர்ல பாத்துட்டு வந்தும் தொறந்தேன். அது என் குத்தம். எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு விறைப்பாக நின்றார்.

மற்றவர்கள் அசையவில்லை. அழுகிறவர்களும் சிரிக்கிறவர்களுமாக இருந்தார்கள். பின்னால் எங்கோ தையல்காரியின் குரல் கேட்டது: "சரி. அப்ப அடுத்த வாரம் கூட்டம் உண்டா, இல்லையா?"

யாரோ உண்டு என்றார்கள். நான் சொல்லவில்லை, தம்பி. நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டார்கள்.

விசாரணைக்கும் இதையேதான் எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரியும் என்று எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

விசாரணை முடிந்தது. அமைச்சர் வாய்மொழியாகச் சொன்னார் என்று ஒரு வரி எழுதிக்கொடுத்தால் போதும், பணி தொடரலாம் என்றார்கள். அவர் எங்கிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது, மறுக்கவும் ஆள் இல்லை. விசாரித்தவர் நல்ல மனிதர். "எங்களுக்கும் ஆள் வேணும் சார், அனுபவம் உள்ளவங்க யாரும் மிச்சம் இல்ல" என்றார். எனக்கு அந்த வரி வரவில்லை. நீ மண்டபத்தில் சொன்ன பிறகு நான் எப்படி எழுதுவேன்? பணிநீக்கம் செய்தார்கள். உன்னையும் பூட்டு சாரையும் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள், தெரிந்திருக்கும். நீங்கள் நடத்தும் வாரக் கூட்டத்தை எல்லா ஊரிலும் வைக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். அந்தக் குறிப்பைத் தயாரிப்பது வேறு யாரோ.

தொலைபேசி வந்துவிட்டது. மகளோடு பேசினேன். அவளுக்கு நம் வார்த்தைகள் தடுமாறுகின்றன. 'அப்பா' என்று சொல்வதற்கு முன்னால் சற்று யோசித்தாள். நான் அங்கே போவதா, அவர்கள் இங்கே வருவதா என்று இன்னும் பேசவில்லை. நானும் அவள் அம்மாவும், மற்றவர் முதலில் சொல்லட்டும் என்று காத்திருக்கிறோம்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன சனிக்கிழமை உன் ஊருக்கு வந்திருந்தேன். நேராக மண்டபத்துக்குப் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். நீ எழுதியது சரிதான், முட்டி நாடியில் இடிக்கிறது. நீ மூக்குக்கண்ணாடி மாற்றியிருக்கிறாய். ஒருத்தி கையைத் தூக்கியதுமே அது தையல்காரி என்று தெரிந்துவிட்டது. சாக்கடைக்காக எவ்வளவு நேரம் சண்டை! பக்கத்தில் இருந்தவர் என்னிடம், "வெளியூரா? உக்காருங்க, நல்லா இருக்கும்" என்றார்.

நான் எழுந்து வந்திருந்தால் எல்லாரும் என் பக்கம் திரும்பியிருப்பார்கள். நீ என்னைக் காட்டி ஏதாவது சொல்லியிருப்பாய். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைக் கலைக்க மனம் வரவில்லை. மாலை வண்டியில் திரும்பிவிட்டேன்.

தம்பி


செப்டம்பர் 20

தம்பி,

நீ உள்ளே நுழையும்போதே பார்த்துவிட்டேன்.

குனிந்து கதவைத் தாண்டுகிற அந்த நடையை ஆயிரம் பேர் நடுவிலும் எனக்குத் தெரியும். எழுந்திருக்கத்தான் பார்த்தேன். ஆனால் சாக்கடைத் தெருக்காரருக்குப் பேச வாய்ப்புக் கொடுத்திருந்தேன். அவர் திக்கித் திக்கி அப்போதுதான் ஆரம்பித்திருந்தார். நடுவில் நிறுத்தினால் மறுபடி பேசவே மாட்டார். கூட்டம் முடியட்டும், எங்கே போய்விடப் போகிறான் என்று இருந்துவிட்டேன். முடிந்து நிமிர்ந்தால் பெஞ்சு காலி.

நீ வெளியே நிற்பாய் என்று பார்த்தேன். வீட்டு வாசலில் இருப்பாய் என்று இந்த முழங்காலோடு வேகமாக நடந்தேன். இரண்டு பேருக்குச் சமைத்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மாலை வண்டி கூவிக்கொண்டு போனது. அதில் நீ இருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உனக்கு ஊர்க் கூட்டத்தைக் கலைக்க மனம் வரவில்லை, எனக்குப் பேசுகிறவரை நிறுத்த மனம் வரவில்லை. நல்ல அக்கா, நல்ல தம்பி!

சனிக்கிழமை வண்டியில் ஏறு. கூட்டத்துக்கு வராதே. வீட்டுக்கு வா.

அக்கா